'தி திங்' வெறும் ரத்தமும் சதையுமா?

அமெரிக்கத் திகில் பட இயக்குநர் ஜான் கார்பென்டரின் படங்களைப் பட்டியலிட்ட உங்கள் கட்டுரையில், அவருடைய உச்சம் 'ஹாலோவீன்' (1978), 'தி திங்' (1982) வெறும் ரத்தமும் சதையும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் 'ஹாலோவீன்'. கொலைகாரனின் முகமூடிகூட கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' நாயகன் கேப்டன் கிர்க்கின் முகமூடிதான். அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கிவிட்டார்கள். இசையும் கார்பென்டரே. ஒரே பியானோ வரி திரும்பத் திரும்ப வந்தே வயிற்றைக் கலக்கிவிடும்.

ஆனால் 'தி திங்'கை இப்படி ஒரே வரியில் தள்ளிவிட்டால் எப்படி? அந்த ரத்தப் பரிசோதனைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். மனிதர்களைப் போலவே உருமாறும் வேற்றுக்கிரக உயிரி யார் உருவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அண்டார்டிகா முகாமில் ஆட்களைக் கட்டிப்போட்டுவிட்டு, நாயகன் கர்ட் ரஸ்ஸல் ஒவ்வொருவர் ரத்தத்திலும் சுடவைத்த கம்பியை வைக்கிறார். உஸ்ஸென்று சத்தம், ஒன்றும் இல்லை. அடுத்தவர், மறுபடி உஸ். நம் சந்தேகமெல்லாம் முகாம் தலைவர் கேரி மேல்தான், ரஸ்ஸலும் அவரோடுதான் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார். அந்த நொடியில் பார்த்து வேறொருவனின் ரத்தம் துள்ளிப் பாய்கிறது! ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டினின் ரப்பர் பூதம் இந்தக் காட்சியில் வருவது அதற்குப் பிறகுதான். அதுவரை நம்மைப் பிடித்து வைத்திருப்பது யார் யாரை நம்புவது என்கிற பயம்.

வசூலில் அடிவாங்கியது உண்மைதான். 'ஈ.டி.' வந்த இரண்டே வாரத்தில், 'பிளேட் ரன்னர்' வெளியான அதே நாளில் வந்தால் வேறென்ன ஆகும்?

அப்புறம், கட்டுரையின் பட்டியலில் கார்பென்டரின் 'கிறிஸ்டின்' இருக்கிறது, 'தி ஃபாக்' (1980) எங்கே? 'கிறிஸ்டி'னைவிட 'தி ஃபாக்' எவ்வளவோ மேல் சார்.