ஆமாம், பகடைதான் உருட்டினோம்

அந்தப் புகைப்படத்தை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நிவாரண வேலை பார்க்கும் நாங்கள் தரையில் உட்கார்ந்து பகடை உருட்டும் படம் அது, அந்தக் கூட்டத்தில் நானும்தான் இருக்கிறேன். "நிவாரணக் காசில் தாயம்" என்று தலைப்பு வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. என்ன ஆடினோம் என்று கேட்கத்தான் நேரமில்லை போல.

ஆளுக்கு 10 மொச்சைக்கொட்டை. அதுதான் நிதி. இரண்டு பகடையும் சேர்ந்து 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெள்ளம். முன்கூட்டியே தயாராக 1 கொட்டை. தயாராகாமல் மாட்டினால் 4. முதல் பகடையை மட்டும் முன்னாலேயே பார்க்கலாம், அதுதான் முன்னறிவிப்பு. அதில் 6 விழுந்தால் வெள்ளத்துக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்றைக் கொடுத்துவிடுவதுதான் லாபம், குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் போன சுற்றில் வீணாய்ப் போன ஒரு கொட்டை கண்ணை உறுத்தியது. கையை இறுக்கினேன். நாலும் போச்சு. இதே பாடத்தை எத்தனை பவர்பாயின்டில் பார்த்திருப்பேன், ஒருதரம்கூட வயிறு கலங்கியதில்லை. தோற்றால்தான் உறைக்கிறது.

இது என் கிறுக்குத்தனமும் இல்லை. செஞ்சிலுவை செம்பிறை காலநிலை மையம் பல வருடமாக இப்படி ஆட்டங்களை நடத்துகிறது.

"மக்கள் துயரம் உங்களுக்கு விளையாட்டா?" என்கிறீர்கள். சோமாலியாவில் உணவு நெருக்கடி வரும் என்று 2010லேயே எச்சரிக்கை வந்தது. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலையில். செத்தவர்கள் ஏறக்குறைய 2,60,000 பேர். அதில் பாதி ஐந்து வயது ஆகாத பிள்ளைகள். எச்சரிக்கையைப் படித்தவர்கள் பகடையா உருட்டிக்கொண்டிருந்தார்கள்? ரொம்பப் பொறுப்பாகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆடினால் நிஜத்தில் முடிவு மாறும் என்பதற்கு ஆதாரம்?" நியாயமான கேள்விதான். 80 ஸ்லைடு ஓட்டுகிறவரிடமும் ஒருநாள் கேளுங்களேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஒருமுறை முன்னறிவிப்பை நம்பித் தார்ப்பாய்களையும் படகுகளையும் முன்கூட்டியே நகர்த்தினேன். மழை ஏமாற்றிவிட்டது. "வராத வெள்ளத்துக்கு யார் செலவு செய்யச் சொன்னது?" என்று ஆடிட்டில் கேட்டார்கள். எட்டு மாதம் விளக்கம் எழுதினேன். எதுவுமே செய்யாமல் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு காகிதம்கூட வரவில்லை. அவர் என்னைவிட நல்ல நிர்வாகி என்று பேரும் வாங்கினார்.

ஆடிட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் பத்துக் கொட்டையோடு ஒருதரமாவது தரையில் உட்கார்ந்து தோற்றிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நேற்று அந்தப் படத்துக்கு முதல் ஆளாகச் சிரிப்புக்குறி போட்டிருப்பதும் அவர்தான்.