அந்த 24 டாலரையும் சேர்த்து எண்ணுங்கள்

அந்த மீமை யார் போட்டார், கீழே யாரெல்லாம் சிரித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, ஆனால் கையைக் கீழே சுற்றிப் பந்து வீசுகிற ஆட்டம்) இறுதிப் போட்டியில், டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் பெரிய தொகைக்குக் கொண்டுவந்த பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள், நிஜாரி கேனடி ஒரே இன்னிங்ஸோடு (ஆட்டத்தில் ஒரு சுற்று) வெளியே போய், அணியும் தோற்றது. மேட்ச் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஏடிஎம் வாயிலிருந்து மஞ்சள் பந்து வந்து விழுகிற படமும் "பத்து லட்சம் டாலர், ஒரே இன்னிங்ஸ்" என்ற வரியும் குரூப்பில் வந்துவிட்டது. சாஃப்ட்பாலில் எத்தனை இன்னிங்ஸ் என்று கேட்டால் கூகுளைத் திறக்கிறவர்கள் எல்லாம் அதில் சிரித்து வைத்திருக்கிறார்கள். நானும் ஏதோ டைப் செய்து அழித்தேன், திரும்ப டைப் செய்தேன், திரும்ப அழித்தேன். குரூப்பில் சண்டை வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சரி, எண்ணலாம். எண்ணுவதில்தான் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே.

கேனடிக்கு 2024ல் டெக்சஸ் டெக் பக்கமிருந்து வந்தது பத்து லட்சம் டாலர் இல்லை. 10,50,024 டாலர். பத்து லட்சம் ஒப்பந்தம், ஐம்பதாயிரம் வீட்டுச் செலவுக்கு, மீதி 24 டாலர் அவள் சட்டை எண்ணுக்காக. ('அவர்' என்று எழுது என்பீர்கள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அவள் என்றுதான் ஓடுகிறது, சொந்தக்காரப் பெண் மாதிரி.) கொடுத்தது பல்கலைக்கழகத்து ஆதரவாளர்கள் சேர்ந்து நடத்துகிற மேட்டடார் கிளப். உங்கள் வரிப்பணமும் இல்லை, என் வரிப்பணமும் இல்லை.

இப்போது பந்தை எண்ணுங்கள். கல்லூரி சாஃப்ட்பாலின் கடைசிக் கட்டமான உலகத் தொடரில், 2025 மே 29 முதல் ஜூன் 6 வரை ஒன்பது நாளில் ஆறு ஆட்டம். முதல் ஐந்து ஆட்டத்திலும் டெக் வீசிய ஒவ்வொரு பந்தும் அவள் கையிலிருந்துதான் போனது. ஒன்று விடாமல். ஓல் மிஸ், யூசிஎல்ஏ, அப்புறம் நான்கு வருஷமாகக் கோப்பையைக் கீழே வைக்காத ஓக்லஹோமா, எல்லாரையும் தாண்டித்தான் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் டெக்சஸ் டெக் அந்த உலகத் தொடருக்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒருதடவைகூட. இதற்கு மீம் போட்டீர்களா? ஏடிஎம் படம் அப்போதும் கைவசம் இருந்திருக்குமே?

மூன்று ஆட்ட இறுதிப் போட்டியில் எதிரணி டெக்சஸ் பல்கலைக்கழகம் (டெக் வேறு, இது வேறு). முதல் ஆட்டம் புதன்கிழமை, அதில்தான் அந்த ஒரு பந்து. 1-0 என்று டெக் முன்னால் இருக்கிறது. ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு பேஸில் (ரன்னுக்காக ஓடி நிற்கிற முனைகள்) டெக்சஸ் ஆள். அடிக்க வந்த டெக்சஸின் ரீஸ் ஆட்வுட்டுக்கு வேண்டுமென்றே வாக் (பந்தை வெளியே வெளியே வீசி, அடிப்பவரை முதல் பேஸுக்குச் சும்மா விடுவது) கொடுத்துவிடலாம் என்று முடிவு. பந்தைப் பிடிக்கிற கேட்சர் எழுந்து வெளியே தள்ளி நிற்கிறாள், கேனடி வெளியே வீசுகிறாள், பந்து போக வேண்டிய அளவுக்கு வெளியே போகவில்லை. ஆட்வுட் எட்டி ஒரு தட்டு. இடது பக்கம் போய் விழுந்தது, இரண்டு ரன், 2-1, ஆட்டம் போச்சு. தப்புதான். அவள் தப்பு, இல்லையென்று யார் சொன்னது? ஆட்வுட் கெட்டிக்காரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுநாளே அதே பெண் அதே டெக்சஸ் அணிக்கு எதிராக முழு ஆட்டமும் வீசி 4-3 என்று ஜெயித்துக் கொடுத்தாள். அந்த வியாழக்கிழமை எங்கே போனது உங்கள் குரூப்?

வெள்ளிக்கிழமை முதல் இன்னிங்ஸிலேயே டெக்சஸுக்கு ஐந்து ரன், அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். கடைசியில் 10-4. டெக்சஸ் நியாயமாக ஜெயித்தார்கள். முழங்காலில் ஏசிஎல் என்கிற தசைநார் கிழிந்த நிலையில் அவர்களுடைய மியா ஸ்காட் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்தாள், அதற்கு மேல் என்ன பேச்சு. நான் தோல்விக்குச் சாக்கு தேடவில்லை. அந்த இன்னிங்ஸை மட்டும் எண்ணுவதானால் அதற்கு முந்தைய எட்டு நாளையும் எண்ணுங்கள் என்கிறேன். அவ்வளவுதான் கேட்கிறேன்.

"கையைக் கீழே சுற்றித்தானே போடுகிறார்கள், அதில் என்ன களைப்பு" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு நாள் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வாருங்கள். மகளுக்கு 13 வயது. கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டின் மேல் நான் உட்கார, அவள் தூரத்தை அடியால் அளந்து நின்று வீசுவாள். அமெரிக்காவில் பெண் பிட்சரின் அப்பாவுக்கு பக்கெட்தான் சிம்மாசனம். ஏதாவது ஒரு பந்து எனக்கு முன்னால் தரையில் குத்தி முழங்காலுக்குக் கீழே வந்து மோதும். மூன்று வருஷமாக அந்த இடத்தில் ஒரே கறுப்பு. அவளுக்கோ, வீசும்போது முன்கை இடுப்பில் உரசிப் போவதால் முழங்கைக்குக் கீழே சிவந்த தடம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும், பள்ளியில் டீச்சர் கூப்பிட்டு விசாரிக்கிற அளவுக்கு. கல்லூரியில் 43 அடியிலிருந்து வீசுகிறார்கள். எழுபது மைல் வேகம். ஒரு பந்துக்கு ஒரு முழுச்சுற்று. சும்மா நின்ற இடத்தில் முப்பது தடவை கையைச் சுற்றிப் பாருங்கள், சாயங்காலம் சட்டை மாட்டுவதற்குக்கூட யாரையாவது கூப்பிடுவீர்கள்.

லிட்டில் லீக் பேஸ்பாலில் 11, 12 வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. எண்ணுவதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். என் மகள் ஆடுகிற வார இறுதித் தொடர்களில் பெண் பிள்ளைகளின் பந்தை யாரும் அப்படி எண்ணி நான் பார்த்ததில்லை. 'கீழ்க்கை இயற்கையான அசைவு, வலிக்காது' என்பார்கள். வலிக்காது என்கிற யாருக்கும் தோளில் ஐஸ் கட்டத் தெரியாது.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் ஒரே நாளில் நான்கு ஆட்டம். மூன்றாவது முடிந்ததும் கோச் என்னைப் பார்த்து, இன்னொன்று போடுவாளா என்று கேட்டார். மகள் தண்ணீர் பாட்டிலை இடது கையால் திறந்துகொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன். ஜெயித்துக்கொண்டிருந்தோம், வேறென்ன காரணம். நாலாவது ஆட்டத்தில் கடைசி ரன்னை அவளே வாக் கொடுத்து உள்ளே விட்டாள். பின்னாலிருந்து நம் ஆள் ஒருவர், தமிழில், சத்தமாக, "பிரைவேட் கோச்சிங்குக்கு இவ்ளோ கொட்டி இதானா?" என்றார். என் மகளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

சரி, கேட்கப்போகிறவர்களுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கினால் பேச்சு வாங்கத்தான் வேண்டும்? இருக்கலாம். 2025 ஐபிஎல்லில் 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை எடுத்த அணி பிளே ஆஃப் பக்கமே வரவில்லை, அங்கேயும் மீம் வந்தது, உண்மைதான். ஆனால் பத்தாவது இடத்தில் முடித்த அணிக்கு இன்னும் மஞ்சள் சட்டையைத் துவைத்துப் போடுகிறவர்கள், இறுதிப் போட்டிவரை வந்த பெண்ணிடம் ரசீது கேட்பதுதான் எனக்கு இடிக்கிறது. கேனடி முன்பு ஆடிய ஸ்டான்ஃபோர்டை விட்டுக் காசுக்காகப் போனாளா? போனால் என்ன? நாம் கோயம்புத்தூரை விட்டு டல்லாஸுக்கு வெயில் காயவா வந்தோம்? ஒரு நல்ல கேள்வியும் உண்டு. பணக்காரக் கல்லூரி நல்ல பிட்சரை எல்லாம் வாங்கிக்கொண்டால் சின்ன ஊர் அணிகள் என்ன செய்யும் என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி பேஸ்பாலில், ஃபுட்பாலில் காசு கொட்டியபோது உங்களுக்கு வரவே இல்லையே. 2023ல் கல்லூரி பேஸ்பாலிலிருந்து தொழில்முறை அணிக்குப் போன பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்குக் கையெழுத்துப் பணமே 92 லட்சம் டாலர். அதை 'திறமைக்குக் கிடைத்த மரியாதை' என்று இதே குரூப்பில் பகிர்ந்தது யார்?

மோனிகா அபாட் என்று ஒரு பிட்சர், டென்னசி. கல்லூரிக் காலத்தில் 2,440 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க வந்தவரைப் பந்தாலேயே வெளியேற்றுவது), இன்றுவரை யாரும் தொடவில்லை. 2007 இறுதிப் போட்டியில் முதல் ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த இரண்டையும் அரிசோனாவிடம் தோற்றாள். கோப்பை கிடைக்கவே இல்லை. படிக்கும்போது தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதித்திருந்தாலும் அன்றைக்கு ஆட்டத்தை விட்டே அனுப்பியிருப்பார்கள். 2021 ஜூலையில்தான் விதி மாறியது. அவளுக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் வந்தது 2016ல், அதுவும் ஆறு வருஷத்துக்குப் பிரித்து, பெரும்பகுதி கூட்டம் வந்தால்தான் என்ற கணக்கில். சாஃப்ட்பாலை ஒலிம்பிக்கிலிருந்து 2008க்குப் பிறகு தூக்கினார்கள், டோக்கியோவில் சேர்த்தார்கள், பாரிஸில் மறுபடி தூக்கினார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு பெண் எதை நம்பி எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பாள்? கிடைக்கிற வருஷத்தில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்? கேனடி வாங்கினாள். இந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாலேயே அடுத்த வருஷத்துக்கு 12 லட்சம் டாலர் அளவில் பேசி முடித்துவிட்டார்கள் என்று செய்தி. கொடுக்கிறவர்களுக்கே வருத்தமில்லை. உங்களுக்கு என்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் வீட்டில், பேப்பர் பிளேட்டில் பிரியாணியோடு நின்றுகொண்டு, "இந்த சாஃப்ட்பாலில் எல்லாம் காசு வருமாப்பா, டென்னிஸாவது சேர்த்துவிடலாமே" என்று எனக்கு அறிவுரை சொன்னவரும், இப்போது "இதற்கு இவ்வளவு காசா" என்று மீம் போட்டவரும் ஒரே ஆள். அன்றைக்கு அவர் மேல் இருந்த மரியாதையில் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் தலையாட்டுவதை நிறுத்த வேண்டும் போலிருக்கிறது.

மகள் வெள்ளிக்கிழமை அழவில்லை. நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் பக்கெட்டை அவளே எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். "அங்க இல்லப்பா, இன்னும் வெளிய தள்ளி உக்காருங்க" என்றாள். தள்ளினேன். "இன்னும்." வேலி ஓரம் செடி வரைக்கும் போயாயிற்று. வாக் கொடுக்கிற பந்து. இருபது போட்டாள், நான் எண்ணினேன். அப்புறம் போதும் என்று எழுந்தேன். இன்னும் அஞ்சு என்றாள். போதும் என்று பக்கெட்டை உள்ளே எடுத்து வந்துவிட்டேன். இதை எழுதும் இந்த நேரம்வரை என்னோடு பேசவில்லை.