கடல் சூடு என்றால் எந்தக் கடல், எவ்வளவு ஆழத்துக்கு?

அக்டோபர் பிறந்தால் போதும், ராமநாதபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் சிவப்புப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். கடல் மேற்பரப்பு வெப்பநிலைப் படம். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் எதிரே கடல் செக்கச்செவேல் என்று இருக்கும். "நம்ம கடல் கொதிக்குது, இந்த வருஷம் புயல் உறுதி" என்று கீழே ஒரு வரி. படம் பொய்யில்லை, படிக்கிற விதம்தான் தப்பு.

புயலுக்குத் தீனி சூடான கடல்நீர் என்பது சரி. 26.5 டிகிரி வேண்டும் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சூடு மேலாக இருந்தால் பத்தாது, சுமார் 50 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்க வேண்டும். நம் வடகடலின், அதாவது பாக் ஜலசந்திப் பக்கத்தின், சராசரி ஆழமே 9 மீட்டர்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கடல்நீரை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 41 லட்சம் ஜூல் வேண்டும். புயல் கணக்கில் 26 டிகிரிக்கு மேல் உள்ள சூடு மட்டும்தான் சேரும். வடகடலில் 10 மீட்டருக்கும் 29 டிகிரி என்று தாராளமாக வைத்தாலும், சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோஜூல்தான் வருகிறது. தென்கிழக்கு வங்கக்கடலில் 60 மீட்டர் வரை சராசரி 28.5 டிகிரி என்று வைத்தால் 61. புயல் வேகமாக வலுப்பெற 50-க்கு மேல் இருந்தால் வசதி என்பது பொதுவான அளவுகோல். உப்பளப் பாத்தியும் இப்படித்தான்: மத்தியானம் கால் வைக்க முடியாது, ராத்திரி வாடை அடித்தால் விடிவதற்குள் ஆறிப்போகும்.

அப்படியானால் அந்த 60 மீட்டர் சூடு எங்கிருந்து வருகிறது? வெயிலிலிருந்துதான், ஆனால் நேராக இல்லை. வெயிலின் பெரும்பகுதியை மேலே உள்ள சில மீட்டர் தண்ணீரே குடித்துவிடும். அதைக் கீழே இறக்குவதும் ஓரிடத்தில் குவிப்பதும் காற்றும் நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், செய்கிற வேலை. ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பூமத்திய ரேகையை ஒட்டி மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும். அது சூடான மேல்தண்ணீரைக் கிழக்கே, சுமத்ரா பக்கம் தள்ளிக்கொண்டு போகும். 1973-ல் இதை விளக்கிய கடலியலாளர் கிளாஸ் விர்ட்கியின் பெயரால் விர்ட்கி நீரோட்டம் என்பார்கள். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். சுமத்ராவில் முட்டியதும் அங்கே சூடான அடுக்கு தடித்துப்போகிறது. அந்தத் தடிப்பின் ஒரு பகுதி கரையைப் பிடித்தபடி அலையாக அந்தமான் கடலுக்குள்ளும் வங்கக்கடலின் ஓரமாகவும் நகர்கிறது.

அட்லாண்டிக்கிலும் சங்கதி இதேதான். 2005-ல் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவில் பூதாகரமானது, கரீபியனிலிருந்து வரும் ஆழமான சூட்டு நீரோட்டத்தின் மேல் அது போனபோது.

வங்கக்கடலுக்கு இன்னொரு கூடுதல் ஏற்பாடு உண்டு: ஆற்றுத்தண்ணீர். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு குறைந்து லேசாக இருப்பதால் மேலேயே மிதக்கும். சாதாரணக் கடலில் புயல் தண்ணீரைக் கலக்கினால் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், புயல் தன் தீனியைத் தானே குறைத்துக்கொள்ளும். இங்கே நன்னீர் அடுக்குக்குக் கீழேயும் சூடான உப்புநீர் இருப்பதால், கலக்கினாலும் வருவது சூடுதான். வடக்கு வங்கக்கடலில் இது பலமாக இருக்கும். அக்டோபருக்குப் பிறகு கரையோர நீவாடு தெற்கே திரும்பும்போது அந்த உப்பு குறைந்த தண்ணீர் ஆந்திரா, சோழமண்டலக் கரை வழியாக நம் பக்கமும் வந்து சேர்கிறது.

1964 தனுஷ்கோடிப் புயலை இந்தக் கண்ணோடு பாருங்கள். டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு அது. அந்த ஆழமான சூட்டின் மேல் நாள்கணக்கில் மேற்கே நகர்ந்து, இலங்கையைக் கடந்து, 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியில் விழுந்தது. அதன் பலம் முழுக்க இலங்கைக்குக் கிழக்கே சேர்த்தது. 2020 டிசம்பரில் புரெவி புயலும் ஏறக்குறைய அதே வழியில்தான் வந்தது. ஆனால் மன்னார் வளைகுடாவுக்குள், பாம்பனை ஒட்டி அப்படியே நின்று, மழையாகக் கொட்டி வலுவிழந்தது. பக்கத்திலேயே நிலம் சூழ்ந்த குறுகலான கடலில், நகராமல் நிற்கிற புயலுக்குத் தேற வழி குறைவு.

ஆகவே பார்க்க வேண்டிய படம் வேறு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல் தகவல் நிறுவனம் கடலின் வெப்ப இருப்புப் படத்தை வெளியிடுகிறது. அதில் 5 முதல் 12 டிகிரி வடக்கு, 82 முதல் 93 டிகிரி கிழக்கு கட்டத்தைப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோஜூலுக்கு மேல் பரவலாக இருந்தால் அங்கே தீனி தயார் என்று அர்த்தம். தீனி இருந்தால் மட்டும் புயல் வந்துவிடாது. மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேறு வேறு வேகத்தில், திசையில் இழுத்தால் எவ்வளவு சூடு இருந்தும் மேகக் கூட்டம் கலைந்துவிடும்.

சிவப்புப் படத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. காற்றில்லாத வெயில் நாளில் மேல் ஒரு மீட்டர் மட்டும் 2 டிகிரி கூடுதலாகக் காட்டும், ராத்திரி இறங்கிவிடும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் செயற்கைக்கோள் நுண்ணலைக் கருவிகளுக்கு ஒரு புள்ளியே 25 கிலோமீட்டருக்கு மேல். கரை பக்கத்தில் இருந்தால் நிலமும் சேர்ந்து பதிவாகிவிடும். ஆகவே மேகமூட்டமான நாளில் வடகடலின் மேல் தெரியும் நிறம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து அளவை வைத்து நிரப்பியது.

1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி கூடியிருக்கிறது. அது கவலைக்குரியதுதான். அந்தக் கவலைக்கு நம் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப்பாறைகளே சாட்சி, 2010-லும் 2016-லும் வெளுத்தன. ஆனால் அவற்றை வெளுக்க வைத்தது கோடைச் சூடு. டிசம்பர் புயலுக்கு அதைக் காரணம் காட்டக் கூடாது.

வடகடலின் ஆழமின்மையைப் பார்த்துப் பயப்பட வேண்டியது வேறொரு காரணத்துக்காக. 9 மீட்டர் ஆழத்தில் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று விடாமல் தள்ளினால், அந்த முனையில் தண்ணீர் சுமார் 2 மீட்டர் ஏறும். அதே காற்று 1000 மீட்டர் ஆழக் கடலில் 2 சென்டிமீட்டர்கூட ஏற்றாது. புயலின் மையம் நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் போனால் வடகடலில் கீழ்காற்று, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று. தண்ணீர் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஏறும். மையம் வடக்கே வேதாரண்யத்தில் ஏறினால் மேல்காற்று. அதே கரையில் கடல் உள்வாங்கி, படகுகள் சேற்றில் சாயும். அப்போது யாரும் இறங்கி நடக்க வேண்டாம், கயிற்றை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காற்று ஓய்ந்ததும் தண்ணீர் திரும்பி வரும், மிதக்கத் தளர்வு இல்லாத படகுதான் முதலில் நிரம்பும்.