கடைசி நாளில் பெட்டி கட்டாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் நாலைந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் அப்பா அம்மாவின் கடைசி நாள், பெரும்பாலான வீடுகளில் பெட்டிக்கே போய்விடுகிறது. ஹாலில் நாலு பெட்டி வாயைப் பிளந்து கிடக்கும். அப்பா ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பார். அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டார். மகன் காஸ்ட்கோ கடையிலிருந்து இன்னொரு பை பாதாமோடு வந்து நிற்பான். பேத்தி ஒரு மூலையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பாள். இத்தனைக்கும் அவளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தது.

பெட்டி முந்தின இரவே பூட்டியாகியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதற்கு முதலில் கடைசி நாள் எது என்பதே சரியாகத் தெரிய வேண்டும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி இரவு கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர்களும் கோட்டைவிடும் இடம் இது. காலண்டரில் புறப்படும் நேரத்தைக் குறிக்காமல், வீட்டு வாசலை விட்டு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள்: மூன்று மணி நேரம் முன்னால், அதோடு சாலை நேரம். கூடவே ஐ-94, அதாவது அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது போட்ட வருகைப் பதிவில் உள்ள தேதியையும் ஒருமுறை பாருங்கள். விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். ஆனால் தங்க அனுமதித்த கடைசித் தேதி ஐ-94இல் உள்ளதுதான். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டவர்கள் அதைத் தாண்டிவிடக்கூடாது. கிளம்பும்போது அமெரிக்காவில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், அதனால் கிளம்பியதற்குச் சான்றாக இருக்கும் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி எடை. சாதாரண வகுப்பில் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ, அதாவது 50 பவுண்டு. ஒன்று 25, இன்னொன்று 20, 'மொத்தத்தில் குறைவுதானே' என்ற கணக்கு கவுண்டரில் செல்லாது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக வரம்புக்குள் இருக்க வேண்டும். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போகாது என்று வைத்துக்கொண்டு 22இல் நிறுத்துங்கள். கொக்கித் தராசு இல்லையென்றால் பெட்டியோடு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். காலிப் பெட்டியே நாலைந்து கிலோ இருக்கும், ஆக சாமானுக்கு மிஞ்சுவது 17, 18 கிலோதான். மூன்று பவுண்டு பாதாம் பை 1.36 கிலோ. ஐந்து பை வைத்தால் கிட்டத்தட்ட ஏழு கிலோ போய்விட்டது. அந்தக் கலிபோர்னியா பாதாம் ஊர்க்கடையிலும் கிடைக்கிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்!

லோஷன் புட்டியின் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடி, ஜிப் பைக்குள் போட்டுத் துணிக்கு நடுவில் வையுங்கள். கசிவது மூடியோரத்தில்தான். கணவன் துணி ஒரு பெட்டி, மனைவி துணி ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். இரண்டிலும் இருவர் துணியும் இருந்தால், ஒரு பெட்டி தாமதமானாலும் மாற்றுத் துணி இருக்கும். பூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு படம், பூட்டிய பிறகு வெளியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் மாட்டிக்கொள்வது வேர்க்கடலை வெண்ணெயும் ஊறுகாயும்தான். பாதுகாப்புச் சோதனையில் இவையும் திரவக் கணக்குத்தான், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில் மட்டும்தான் வரவேண்டும், 100 வாட்-மணிக்குள், அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணிக்குள் இருக்க வேண்டும். அண்ணன் மகனுக்கென்று வாங்கிய ட்ரோனை அங்கேயே விட்டுவிடுங்கள், 2022 முதல் இந்தியாவுக்குள் இறக்குமதி தடை.

மாத்திரை முழுவதும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. அங்கே குளிரில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் உதவாது. நேர வித்தியாசத்தில் எந்த வேளை மருந்தை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். 'நடக்கத்தானே முடியுது' என்று கூச்சப்படுவார்கள். பதிவில் நீண்ட தூரம் மட்டும் நடக்க முடியாது, படி ஏற முடியாது, ஒரு அடியும் வைக்க முடியாது என்று மூன்று வகை உண்டு, முதல் வகையே இவர்களுக்குப் போதும். ஒருவருக்கு மட்டும் போட்டால், மற்றவர் தள்ளுபவரின் வேகத்துக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அம்மாவின் அடுப்படி வேலையையும் இரண்டு நாள் முன்னால் தள்ளுங்கள். தான் போனபிறகு பிள்ளை சாப்பிட வேண்டும் என்று ஃப்ரீசரை நிரப்பாமல் எந்த அம்மாவும் கிளம்பப் போவதில்லை, தடுத்துப் பயனில்லை. எதை உறைய வைப்பது என்பதில்தான் விஷயம். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்கு போட்ட சாம்பார் உருகும்போது கிழங்கு மாவு மாவாக உதிரும், தேங்காய் அரைத்துவிட்டது திரிந்து தண்ணீர் பிரியும். சூடு முழுக்க ஆறியபின், ஒரு வேளைக்குரிய சிறு டப்பாக்களில், மேலே இரண்டு விரல் இடம் விட்டு வையுங்கள், உறையும்போது பொங்கும். தேதி ஒட்டுங்கள். ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தால் எல்லா டப்பாவும் ஒரே பழுப்பு நிறம்தான்.

ராகுகாலம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பகலில் எட்டில் ஒரு பங்கு. நியூஜெர்சியில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம். சென்னைக் காலண்டரின் ஒன்றரை மணி நேரம் அங்கே பொருந்தாது. பார்ப்பதென்றால் அந்த ஊர்ச் சூரியனை வைத்துப் பாருங்கள்.

பேத்தி தூங்கும்போது நழுவிவிடலாம் என்ற யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அழுவாள்தான். ஆனால் விழித்துப் பார்த்துத் தாத்தாவைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுவது அதைவிட மோசம். மூன்று நாள் முன்பே, 'இன்னும் மூணு தூக்கம், அப்புறம் பாட்டி ஊருக்குப் போயிட்டு வருவேன்' என்று சொல்லலாம். பெட்டி பூட்டியாகிவிட்டதால் கடைசிப் பகல் முழுக்க அவளுக்கு. பூங்காவோ பல்லாங்குழியோ, அவள் சொல்வது.

டெல்லி, மும்பை வழியாக வருகிறவர்கள் பெட்டியை அங்கேயே எடுத்துச் சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால் வழக்கமாக 15 கிலோதான் இலவசம், மீதிக்குக் காசு. ஒரே பதிவில் எடுத்திருந்தால் இந்த எடைத் தொல்லை இல்லை.

இந்திய சிம்மைக் கிளம்பும் முன்பே போனில் போட்டுவிடுங்கள், குண்டூசியைத் தேடி நடுவழியில் அலைய வேண்டாம். பிள்ளை வீட்டுச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறதா என்று பாருங்கள், அடிக்கடி கூடவே கிளம்பிவிடும். ஊர் வீட்டுச் சாவி கைப்பையில் இருக்க வேண்டும். அது பெட்டிக்குள் இருந்து, பெட்டி அடுத்த விமானத்தில் வந்தால், விடியற்காலை மூன்று மணிக்குச் சொந்த வீட்டு கேட் முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கும்.