குடிப்பழக்கமும் குடியின் பாதிப்பும் ஒன்றல்ல

இங்கிலாந்தில் பதின்வயதினரின் குடி ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது, அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம்தான் என்று சிலர் சொல்வதில் இரண்டு பகுதிகளுமே தவறு. அங்கே 11 முதல் 15 வயது வரையிலான மாணவரிடம் நடத்தப்படும் அரசுக் கணக்கெடுப்பு, ஒரு மிடறு சுவைத்துப் பார்த்ததைச் சேர்க்காமல், முழுதாக ஒரு கோப்பையாவது குடித்ததுண்டா என்று கேட்கிறது. ஆம் என்றவர்கள் 2003-இல் 61 விழுக்காடு, 2014-இல் 38 விழுக்காடு. (2016-இல் கேள்வியின் சொற்கள் மாறிவிட்டதால் பிந்தைய எண்களை இவற்றோடு நேராக ஒப்பிட முடியாது.) வசதியான வீட்டுப் பிள்ளைகளே கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரியவந்ததுதான். ஏழைப் பகுதிகளில் மிகுதியாக இருப்பது பெரியவர்களிடையே மதுவால் நேரும் இறப்பு. அந்தக் கணக்கைப் பிள்ளைகளின் குடிப்பழக்கமாகப் படித்ததில்தான் குழப்பம் நேர்ந்திருக்க வேண்டும்.