பிள்ளைக்கு நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள்

சிறிய தனியார் விமானத்தில் பிள்ளைகளை ஏற்றலாமா என்று எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கிழமை முழுக்க வாக்குவாதம். கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் தனியார் விமானி உரிமம் எடுத்திருக்கிறான். பள்ளிக்கூட விடுமுறையில் நான்கு ஆசன செஸ்னா விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிப் பறக்கப் போகிறானாம். கல்லடிச் சித்தி "வேணாம் மகன், புள்ளைகளோட விளையாடாத" என்று குரல் பதிவு போட்டார். லண்டன் மச்சான் "இங்க அதெல்லாம் கார் ஓடுற மாதிரித்தான்" என்றார். என் கருத்தை அங்கே நாலு வரியில் சொல்லி முடிக்க இயலவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏற்றலாம். ஆனால் எந்த நாள் பறப்போம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், மற்ற எல்லா விதிகளையும் விட இதுதான் பெரிது.

முதலில் பயத்தைப் பற்றி. சிறிய விமானம் என்றதும் பதறுகிற நாங்கள், கல்லடிப் பாலத்தில் ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, பெற்றோல் தாங்கியில் இன்னொரு பிள்ளை என்று போவதைப் பார்த்துப் பதறுவதில்லை. அமெரிக்கக் கணக்கில், தனியார் சிறு விமானப் பறப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற அளவில் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. பெரிய பயணிகள் விமானங்களோடு பார்த்தால் இது மிக அதிகம். மோட்டார் சைக்கிளோடுதான் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், காரோடு அல்ல. ஆகவே சித்தியின் பயம் வீண் பயமில்லை. மச்சான் சொன்னதுதான் பிழை.

சரி, வாக்குக்கு வருகிறேன். 1996 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை விமானம் ஓட்ட வைத்து நாட்டைக் கடக்கும் சாதனைப் பயணம் ஒன்று நடந்தது. கூட வந்தவர்கள் தகப்பனும் பறப்புப் பயிற்றுநரும். வயோமிங்கில் ஷயன் நகரிலிருந்து மழையிலும் இடிமுழக்கத்திலும், அனுமதித்த எடையைத் தாண்டிய விமானத்தோடு கிளம்பினார்கள். சற்று நேரத்திலேயே விழுந்து மூவரும் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, பயண அட்டவணையை எப்படியும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையையும் ஒரு காரணமாக எழுதியது. அடுத்த ஊர்களில் ஊடகக்காரர்கள் காத்திருந்தார்கள்.

2020 ஜனவரி 26இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் இறந்த ஹெலிகொப்டர் விபத்தும் அதே கதைதான். பிள்ளைகளின் போட்டிக்குப் போகிற பயணம். இறந்த ஒன்பது பேரில் மூன்று பேர் 13, 14 வயதுச் சிறுமிகள். விமானிக்கு 8,000 மணித்தியாலத்துக்கு மேல் அனுபவம். மேகத்துக்குள் போய்த் திசை தடுமாறினார். நிறுவனமோ பயணியோ அவரை வற்புறுத்தியதாக விசாரணையில் தெரியவரவில்லை. அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட அழுத்தம் என்றுதான் அறிக்கை சொல்கிறது.

இத்தனை அனுபவம் உள்ளவருக்கே இப்படி என்றால், புதிதாக உரிமம் எடுத்த ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். கனடாவில் அந்த உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலப் பறப்பு போதும். கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கத்தான் அது அனுமதி. மேகத்துக்குள் போய்விட்டால் உள்காது பொய் சொல்லத் தொடங்கும்; விமானம் சரிந்து போகும்போதும் நேராகப் போவது போலவே இருக்கும். இதெல்லாம் அவனுக்கும் தெரியும், படித்துத்தான் பாஸ் பண்ணியிருக்கிறான். ஆனால் ஒரு கிழமையாகத் தூங்காமல் "சனிக்கிழமை பறப்போமா அப்பா?" என்று கேட்ட பிள்ளை, சின்ன ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, வானம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் என்ன செய்வான்? "ஒரு சுற்றுத்தானே" என்று தோன்றும். வளர்ந்த நண்பன் என்றால் "மச்சான், இது சரிவராது போல" என்று அவனாவது சொல்வான். பிள்ளை சொல்லாது. அப்பா செய்வதெல்லாம் சரி என்றுதான் அது நம்பி ஏறுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், காலையில் எழும்பி வானத்தையும் காற்றையும் பார்த்த பிறகு, விமான நிலையத்துக்குப் போய் நின்ற பிறகு சொல்லுங்கள். முடிந்தால் அங்கே போவதையே ஒரு சுற்றுலாவாக வையுங்கள். பறந்தால் பறந்தது, இல்லாவிட்டால் விமானங்களைக் காட்டி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வரலாம்.

அடுத்தது மடியில் வைப்பது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மடியில் வைக்க அமெரிக்கச் சட்டம் இன்னும் இடம் கொடுக்கிறது. ஆனால் தாயின் கைகள் எவ்வளவு இறுக்கினாலும், மோதும்போது பத்துக் கிலோப் பிள்ளை பல மடங்கு எடையாகிக் கையை விட்டுப் போய்விடும். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த பெரிய பயணிகள் விமானத்தில் மடிப் பிள்ளைகள் நான்கு பேர். விழப்போகும்போது பிள்ளைகளை விமானத்துக்குள் தரையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு பிள்ளை இறந்தது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்த பணிப்பெண் ஜான் பிரவுன், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஆசனம் வேண்டும் என்று அதன் பிறகு ஆண்டுக்கணக்காகப் போராடினார். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன, நாங்கள் கட்டாயமாக்கிக் கொள்ளலாமே. தனி ஆசனம், தனிப் பெல்ட், சிறுபிள்ளைக்கு அதற்குரிய இருக்கை. இரண்டு பிள்ளைகளை ஒரே பெல்ட்டில் கட்டுவது கூடவே கூடாது.

எடையையும் பாருங்கள். செஸ்னா 172இல் நான்கு ஆசனம் இருக்கிறது என்பதற்காக நான்கு வளர்ந்தவர்களையும் ஏற்றி, தாங்கி நிறைய எரிபொருளும் ஊற்ற முடியாது. பெரும்பாலும் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். பிள்ளைகள் பாரமில்லை என்று சொல்லிப் பைகளை அடுக்குவதும் அதே பிழைதான்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் விமானங்களுக்குத் திறந்த பிறகு ஒற்றை எஞ்சின் செஸ்னா கரவான் இங்கேயும் வந்து இறங்கியிருக்கிறது. அவற்றை ஓட்டுகிறவர்கள் தொழில்முறை விமானிகள், விதிகளும் இறுக்கம். ஆனால் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் நிற்க வேண்டும், பிள்ளைகளோடு இன்றைக்கே போயாக வேண்டும் என்று விமானியைப் போட்டு அரிக்கிற ஆட்கள் நாங்கள்தான். அப்படி அரிக்காதீர்கள். காலநிலை சரியில்லை என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு உதயதேவி ரயிலில் ஏறுங்கள்.

அப்புறம், பிள்ளைக்குச் சளி என்றால் அன்றைக்கு வேண்டாம். இறங்கும்போது காது வலியில் துடித்துப் போகும்.

வெளிநாடுகளில் உரிமம் வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை வாசித்தால் ஒன்று எழுதுங்கள். தனியாகப் பறக்கும்போது ஏற்றுக்கொள்கிற காற்றும் மேக உயரமும் என்ன, பிள்ளையை ஏற்றும்போது அந்த எல்லையை எவ்வளவு இறுக்குகிறீர்கள்? கனடாத் தம்பிக்கு அனுப்ப வேண்டும்.