ஹங்குல் சீன எழுத்து இல்லை

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். "கொரிய எழுத்தான ஹங்குல் சீன எழுத்தைச் சுருக்கியதுதானே" என்று பேச்சாளர் சொன்னார், நான் கையைத் தூக்கினேன். "உட்காரும்மா, கொரியன் சீரியல் நாங்களும் பார்க்கிறோம்" என்றார். அரங்கமே சிரித்தது. மூன்று நாளாக அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

ஹங்குல் சீன எழுத்து இல்லை. சுருக்கமும் இல்லை. கொரிய மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி, 1446-இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து அது. க ஒலிக்கான எழுத்து, நாக்கின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் வடிவம். ந ஒலிக்கு நாக்கு நுனி மேலே தொடும் வடிவம். ம ஒலிக்கு வாயின் வடிவம். இதில் சீனம் எங்கே இருக்கிறது?

"அப்படியானால் சீனத் தாக்கமே இல்லையா?" என்று கேட்பீர்கள். அப்படி நான் எங்கே சொன்னேன்? கொரிய அகராதியில் பாதிக்கு மேல் சீன வேர்ச்சொற்கள். 1894 வரை அரசு வேலைக்கான தேர்வே சீன நூல்களை வைத்துத்தான். ஹங்குலை விளக்கி வந்த நூல்கூடச் செம்மொழிச் சீனத்தில் எழுதப்பட்டதுதான். வாங்கினார்கள், நிறையவே வாங்கினார்கள். வாங்கியவர்கள் சொந்தமாக எதையும் செய்யவில்லை என்று எதை வைத்து முடிவு கட்டுகிறீர்கள்? வியட்நாமில் நுயென் டூ என்ற கவிஞர் சீன நாவல் ஒன்றின் கதையை எடுத்து, தன் மண்ணின் ஆறு-எட்டு அசை யாப்பில் பாடினார். இன்று அந்த நாடே அதைத் தன் காவியம் என்கிறது. தத்துவம் என்ற துறையைக் குறிக்க ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே உருவாக்கிய சொல்லைத்தான் சீனர்களே இன்று பயன்படுத்துகிறார்கள்.

சரி, ஹங்குலுக்கே வருகிறேன். 1444-இல் சொய் மல்லி என்ற அரசவை அறிஞர் மன்னருக்கே எதிர்ப்பு மனு கொடுத்தார். சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜப்பானியர் மாதிரியான காட்டுமிராண்டிகள் செய்கிற வேலை என்றார். அது வெறும் சுருக்கம் என்றால் அவர் ஏன் அப்படிப் பதற வேண்டும்?

நான் சீரியல் பார்த்துவிட்டுப் பேசவில்லை. சுவோன் நகரில் இரண்டு வருடம் ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். சிறு வயதில் பாட்டியின் அண்ணன்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அவரை அனுப்பவில்லை. திருமணமான பிறகு ஒவ்வொரு வருடமும் புகுந்த வீட்டு முன்னோர் வழிபாட்டுக்கு ராத்திரி முழுக்கச் சமைத்தார். படையலுக்கு முன்னால் வைக்கும் தாளில் மாமனாரைக் குறிக்கும் சொற்கள் சீன எழுத்தில் இருக்கும். ஐம்பது வருடம் அந்தத் தாளுக்குச் சோறு படைத்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. அதைக் குறையாக அவர் சொன்னதில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

சாதாரண ஜனங்கள் நினைப்பதைச் சொல்ல வழியில்லாமல் இருக்கிறார்களே என்று இரங்கித்தான் 28 எழுத்துகளைச் செய்தேன் என்கிறார் செஜோங். பாட்டி எழுபது வயதில், முதியோர் வகுப்பில் அந்த எழுத்துகளைக் கற்றார். முதலில் எழுதியது தன் பெயரை. தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசி என்றார்.

சனிக்கிழமை அந்தத் தாளை நினைத்துத்தான் கையைத் தூக்கினேன்.